இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு நண்டு

டீ வரட்டும். அதற்குள் உங்கள் போனில் யூடியூப் சேனல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். கடலூரில் குடிகாட்டுப் பக்கம் உப்பனாற்றில் நண்டு பிடிப்பதை எடுத்துப் போட்ட ஷார்ட்ஸ் எல்லாம் வரிசைக்கு மூன்றாக நிற்கின்றன. போனின் அகலம் ஏழு சென்டிமீட்டர் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். அதற்குள் வலை, படகு, ஆறு, தூரத்தில் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கி, மேலே நான்கு வரி மஞ்சள் எழுத்து, எல்லாம் இருக்கின்றன. நண்டுதான் தெரியவில்லை.

தம்ப்நெயில், அதாவது வீடியோவுக்கு முகமாக நிற்கும் இந்தச் சிறு படம், எங்கே வேலை செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில வாரங்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இங்கேதான் வெள்ளோட்டம் விட்டது. இந்தச் செங்குத்து வீடியோக்களை ஜனங்கள் பெரும்பாலும் விரலால் தள்ளித் தள்ளித்தான் பார்க்கிறார்கள். அப்படித் தள்ளும்போது தம்ப்நெயில் கண்ணில் படுவதே இல்லை. வீடியோ நேராக ஓடத் தொடங்கிவிடும். அங்கே ஆளை நிறுத்துவது முதல் நொடி. தேடலில், முகப்புப் பக்கத்தின் ஷார்ட்ஸ் வரிசையில், உங்கள் சேனலுக்குள் வந்து பார்ப்பவரிடம்தான் தம்ப்நெயிலுக்கு வேலை. ஆகவே எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்று யூடியூப் காட்டும் கணக்கை வைத்துத் தம்ப்நெயிலைக் குறை சொல்லாதீர்கள். அது முதல் நொடிக்கான மதிப்பெண்.

தேடி வருபவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். “பிச்சாவரம் படகு”, “சிதம்பரம் கொத்சு” என்று தட்டச்சு செய்து வருகிறவர். அவருக்கு ஏற்கெனவே ஒரு தேவை இருக்கிறது. ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறவரைவிட, சேனலில் தங்குகிறவர் அவராகத்தான் இருப்பார். அவருக்காகவே இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

ஷார்ட்ஸ் தம்ப்நெயிலை, வீடியோவில் உள்ள ஒரு காட்சியிலிருந்தே எடுப்பதுதான் வழக்கம். போன் செயலியில் பதிவேற்றும்போது, சிறு படத்தின் மேல் தெரியும் பென்சில் குறியைத் தொட்டால் வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வெளியிடும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். தனியாக வடிவமைத்த படத்தை வீடியோவின் கடைசியில் ஒரு கணம் ஒட்டிவைத்து, அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. வீடியோ மறுபடி தொடங்கும்போது அது பளிச்சென்று வெட்டிக் கண்ணை உறுத்தும். எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. எடுக்கும்போதே தம்ப்நெயிலுக்கென்று ஒரு காட்சியை எடுத்து வைப்பதுதான் சரி. நண்டை வலையிலிருந்து எடுத்து, கொடுக்கு விரிந்த நிலையில் லென்ஸுக்கு அருகே பிடித்து, மூன்று விநாடி அசையாமல் நிற்குமாறு நண்டு பிடிப்பவரிடம் சொல்லுங்கள். ஓடுகிற காட்சியில் நிறுத்தி எடுத்த படம் கலங்கித்தான் இருக்கும். எந்த எடிட்டிங் செயலியாலும் அதை முழுதாகத் தெளிய வைக்க முடியாது.

இனி அளவு. முழுப் படம் 1080 பிக்சல் அகலம், 1920 பிக்சல் உயரம். இதையே ரீல்ஸாகவும் போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: இன்ஸ்டாகிராம் தன் சுயவிவரக் கட்டங்களை 2025 தொடக்கத்தில் சதுரத்திலிருந்து 3:4 செவ்வகத்துக்கு மாற்றியது. கணக்குப் போட்டால் 1920-ல் நடுவே 1440 மட்டும் மிஞ்சும். மேலே 240, கீழே 240 பிக்சல் வெட்டுப்படும். பழைய சதுரமாக இருந்தால் இரு பக்கமும் 420 போய்விடும். அதனால் முகமும் எழுத்தும் நடுச் சதுரத்துக்குள் இருந்தால் எங்கே போட்டாலும் பிழைக்கும். கீழ் ஓரத்தில் பார்வை எண்ணிக்கை வந்து உட்காரும். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

எழுத்து விஷயத்தில் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்குச் சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் சொற்கள் நீளமானவை. ‘றீ’ மேலே கொக்கி போடும், ‘கூ’ ஓரத்தில் சுழியும், ‘து’ கீழே இறங்கும். இரண்டு வரியை நெருக்கிப் போட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். முதலில் காணாமல் போவது புள்ளி. ‘க்’ என்பது ‘க’ ஆகிவிட்டால் சொல்லே கெட்டுவிடும். மிகத் தடித்த எழுத்துருவில் உள்ளிருக்கும் வெளியும் அடைந்து, ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரியும். கேட்டமரன், முக்த மலர், பலூ தம்பி போன்ற இலவச எழுத்துருக்களில் நடுத்தரத் தடிமனை எடுத்துக்கொண்டு, இரண்டு அல்லது மூன்று சொல்லோடு நிறுத்துங்கள். “உப்பனாறு நண்டு” போதும். “வேற லெவல் நண்டு வேட்டை மிஸ் பண்ணாதீங்க” என்று எழுதிய இடத்தில் ஒரு கொடுக்கு தெரிந்திருக்கலாம்.

நம் டீக்கடைகளில் நாளிதழ்காரர்கள் தொங்கவிடும் செய்திச் சுவரொட்டியைப் பாருங்கள். சைக்கிளில் போகிறவரும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து, ஒரே செய்தி, சில சொற்கள். தமிழில் இந்தக் கலைக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

படத்தில் எத்தனை பேர்? நெட்ஃபிளிக்ஸ் தன் முகப்புப் படங்களைச் சோதித்து 2016-ல் எழுதியபோது, மூன்று பேருக்கு மேல் போனால் படத்தின் ஈர்ப்பு குறைகிறது என்றும், உணர்ச்சி தெரியும் முகம் இழுக்கிறது என்றும், ஒருவர் ஒரு தலைப்பைக் கவனிக்கும் நேரம் சராசரியாக 1.8 விநாடி என்றும் சொன்னது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கி, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலான வில்லேஜ் குக்கிங் சேனலை எடுத்துக்கொண்டால், அதில் வரும் தாத்தாவின் முகமும் குவித்து வைத்த சமையலுமே அவர்களுக்கு அடையாளம். வாயைப் பிளந்து அதிர்ச்சி காட்டும் முகம் வேண்டியதில்லை. வேலையில் மூழ்கிய முகமே போதும்.

நம் பக்கத்துப் பொருள்களுக்கும் இதுதான் கணக்கு. பிச்சாவரத்தில் சுரபுன்னையும் பச்சை, நீரும் பச்சை. ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை போட்ட ஒருவரைக் கால்வாயின் நடுவே வைத்தால் கண் அங்கேதான் போகும். சிதம்பரம் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் செங்குத்துச் சட்டத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். ஆனால் சிறு படத்தில் வெறும் முக்கோணமாகிவிடும். கிழக்குக் கோபுர வாயிலில் இருக்கும் நடனக் கரணச் சிற்பங்களில் ஒன்றே ஒன்றை, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள். கொத்சு கரும்பழுப்பு. எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தால் கிண்ணம் மின்னும், கொத்சு இருண்டுபோகும். வாழையிலையில் வெள்ளை இட்லிக்குப் பக்கத்தில் ஊற்றினால் நிறம் எழும்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமான ஒன்று. வீடியோவில் இல்லாததைத் தம்ப்நெயிலில் காட்டாதீர்கள். இந்தியாவில் இப்படி ஏமாற்றும் தலைப்பு, தம்ப்நெயில் உள்ள வீடியோக்கள் மீது, குறிப்பாகச் செய்தி சார்ந்தவற்றின் மீது, நடவடிக்கையைக் கடுமையாக்குவதாக யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது. அந்த விதிக்குப் பயந்து சொல்லவில்லை. 2004 சுனாமியைக் கண்ட கரை இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையேறியது. பக்கத்திலேயே ரசாயனத் தொழிற்சாலைகள். எங்கோ எடுத்த அலையையோ பழைய புகையையோ ஒட்டி “கடலூருக்கு ஆபத்து” என்று போட்டால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுப் பதறுவான். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவார். நாலு பார்வைக்காக அதைச் செய்யாதீர்கள். மீன் விற்கும் அக்காவின் முகத்தை எடுப்பதானால், தம்ப்நெயிலில் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

நாளை ஆற்றுக்குப் போகும்போது நண்டுக்கென்று அந்த மூன்று விநாடியை எடுத்து வையுங்கள். பதிவேற்றும் முன் போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, கண்ணாடி இல்லாமல் உங்கள் அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் “நண்டு” என்று சொன்னால் வெளியிடுங்கள்.