எந்தப் பொல்லாதவன்?

ரஜினி படத் தலைப்புகளில் தனுஷும் நடித்துவைத்தது, வீட்டில் பட சர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தீராத தலைவலி. ‘பொல்லாதவன்’ 1980-இலும் வந்தது, 2007-இலும் வந்தது. ‘தங்கமகன்’ 1983, 2015. ‘படிக்காதவன்’ 1985, 2009. ‘மாப்பிள்ளை’ 1989, 2011. ஃபைல் பெயரோடு ஆண்டைச் சேர்க்காமல் விட்டால், சர்வர் இணையத் தரவுத்தளத்தில் தேடி, முதலில் கையில் அகப்பட்டதை எடுத்து மாட்டிவிடும். போஸ்டரில் ரஜினி நிற்பார். தட்டினால் தனுஷ் தொலைந்த பல்சரைத் தேடி அலைவார்.

முன்பெல்லாம் இதற்கு ஒரே மருந்து ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்வது. ஒவ்வொரு படமாகத் திறந்து, ஆங்கில எழுத்தில் தலைப்பை நாலு விதமாக அடித்துப் பார்த்து (‘டி’க்குப் பின்னால் ‘எச்’ உண்டா, ‘ஏ’ ஒன்றா இரண்டா), சரியானதைப் பொருத்த வேண்டும். இப்போது டெர்மினலில் ஓடும் ஏஐ ஏஜென்ட் அதைச் செய்கிறது. அது போகும் வழியை வேடிக்கை பார்க்கலாம். முதலில் படம் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று அளந்து, இரண்டு பொல்லாதவன்களின் நீளத்தோடும் ஒப்பிடுகிறது. வெட்டுப்பட்ட பிரதியாக இருந்தால் எதோடும் பொருந்தாது. உடனே எஃப்எஃப்எம்பெக் கருவியைக் கூப்பிட்டு, முதல் சில நிமிடங்களிலிருந்து ஸ்டில்கள் எடுத்து, டைட்டில் கார்டில் ஓடும் தமிழைப் படிக்கிறது. இயக்கம் வெற்றிமாறன் என்று வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. பழைய பெயர், புதிய பெயர் என்று ஒரு பட்டியல் போட்டுக் காட்டி, மாற்றட்டுமா என்று கேட்டு நிற்கிறது.

இங்கே வந்து சேர்ந்த கதை நீளம், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வி.சி.டி. காலத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு வட்டு, சிலவற்றுக்கு மூன்று. வட்டு மாற்றும் நேரம்தான் இடைவேளை. ஹார்ட் டிஸ்க் விலை இறங்கியதும் வாங்கிவைத்த வட்டுகளெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏறின. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியைப் படம் ஓட்டும் கருவியாக்க 2002 வாக்கில் சில ஆர்வலர்கள் எழுதிய மென்பொருளிலிருந்துதான் ப்ளெக்ஸ் என்ற பட சர்வர் கிளை பிரிந்தது. தாய் மென்பொருள் 2014-இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. எம்பி என்ற இன்னொன்று 2018 டிசம்பரில் தன் மூலநிரலைப் பூட்டியது. அது பிடிக்காதவர்கள் அதே மாதத்தில் பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய் ஜெல்லிஃபின்னைத் தொடங்கினார்கள். என் வீட்டில் ஓடுவது அதுதான். ஒரு பழைய டெஸ்க்டாப், இரண்டு பெரிய டிஸ்க், ஒரு யூபிஎஸ்.

யூபிஎஸ் ஏன் என்றால் 2012-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலம் அது. கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் சர்வருக்கு ஆபத்து. கம்ப்யூட்டர் சட்டென எழுந்துவிடும். வெளியே தொங்கும் டிஸ்க் சுழன்று எழ இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் லினக்ஸ் தேடிப் பார்த்து, அப்படியொரு டிஸ்க் இல்லை என்று முடிவு கட்டிவிடும். டிஸ்க் வந்து அமரவேண்டிய ஃபோல்டர் காலியாகக் கிடக்கும். அதைப் பார்க்கும் பட சர்வர், படமெல்லாம் தொலைந்தது என்று நம்பிப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது புதுப் படம் ஒன்றை ஏற்றினால் இன்னும் மோசம். அது சின்ன சிஸ்டம் டிஸ்க்கில் போய் உட்காரும். பிறகு பெரிய டிஸ்க் வந்து அதே ஃபோல்டர்மேல் அமர்ந்துவிடுவதால் அந்தப் படம் கண்ணில் படாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். சிஸ்டம் டிஸ்க் ஏன் நிரம்பி வழிகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் இந்தப் பேயைப் பிடித்தவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். அன்றைய சர்வர்க்காரர்களின் படிப்பு முழுக்க இப்படி அடிபட்டுக் கற்றதுதான்.

ஆனால் அவர்களை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனமில்லை. 777 என்று ஓர் எண் உண்டு. ஒரு ஃபோல்டருக்கு அதைக் கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ‘அனுமதி இல்லை’ என்று சர்வர் திரும்பத் திரும்ப முரண்டு பிடிக்கும் ராத்திரிகளில் அந்த எண்ணை அடித்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் ஏராளம். ஏன் ஓடவில்லை என்பது கடைசிவரை தெரியாது, ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

2025 பிப்ரவரியில் கிளாட் கோட், ஏப்ரலில் ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ், ஜூனில் கூகுளின் ஜெமினி என்று டெர்மினலில் உட்கார்ந்து தானே கட்டளை அடிக்கும் ஏஜென்ட்கள் வரிசையாக வந்தன. நிரல் எழுதத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் சர்வர் வைத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

எங்கள் வீட்டில் அம்மா டெலிகிராமில் “படம் சுத்திக்கிட்டே இருக்கு” என்று அனுப்பினால் அது நேராக ஏஜென்ட்டுக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். ஒருநாள் அப்படிப் போனபோது அது செய்ததைச் சொல்கிறேன். லாக் ஃபைலைத் திறந்தது. படம் ஹெச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டது, அம்மா அறையில் இருக்கும் பழைய டிவிக்கு அது புரியாது, ஆகவே சர்வர் ஓடஓட மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பல இன்டெல் சிப்களில் 2011 முதலே வீடியோவை மாற்றும் வேலைக்கென்று தனிப் பகுதி உண்டு. அது இருந்தும் பாரம் முழுவதையும் பொது பிராசஸரே இழுத்துக்கொண்டிருந்தது. காரணம், ஜெல்லிஃபின் தனியாக அடைபட்டு ஓடும் டாக்கர் கன்டெய்னருக்கு அந்தப் பகுதியைத் தொட அனுமதி இல்லை. கம்ப்யூட்டரில் அந்த அனுமதிக் குழுவின் எண் ஒன்று, கன்டெய்னர் நினைத்துக்கொண்டிருந்த எண் வேறொன்று; அண்மையில் செய்த அப்டேட்டில் மாறியிருந்தது. ஏஜென்ட் அந்த ஒரு வரியைத் திருத்தி, மறுதொடக்கம் செய்து, அதே படத்தின் ஒரு துண்டை ஓட்டி வேகத்தை அளந்தது. அப்புறம் “சரி செஞ்சாச்சு, இப்போ பாருங்கம்மா” என்று பதில் போட்டது. நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். 777-ஐத் தொடவில்லை என்பதை வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கொண்டேன். தொடவே தொடாது என்று சொல்லமாட்டேன். அதுவும் நம்மவர்கள் எழுதிவைத்ததைப் படித்து வளர்ந்ததுதானே.

இதனால் வேலை குறைந்துவிட்டதா என்று கேட்டால், கைவேலை குறைந்தது, காவல் வேலை கூடியது என்பேன். ஏஜென்ட் இல்லாத காலத்தில் ஆள் தூங்கினால் அப்டேட் நின்றுபோகும். அது எவ்வளவு பெரிய வினையாகும் என்பதற்கு 2022 சாட்சி. பாஸ்வேர்டு காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவர், வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய ப்ளெக்ஸ் பதிப்பை வைத்திருந்தார். அதிலிருந்த ஓட்டை 2020 மே மாதமே அடைக்கப்பட்டது. அவர் அப்டேட் செய்யவில்லை. திருடர்கள் அது வழியாக நுழைந்து, அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்து, நிறுவனத்தின் பெட்டகச் சாவிவரை போய்விட்டார்கள். படம் பார்க்க வைத்த சர்வர்! வாராவாரம் அப்டேட் பார்த்து, மாற்றக் குறிப்பைப் படித்து, எது உடையும் என்று முன்கூட்டியே சொல்லும் ஏஜென்ட்டை இந்த ஒரு காரணத்துக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கத்துக்கும் சாட்சி உண்டு. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லப்பட்டிருந்தும், ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோரின் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத்தின் தலைவரே பொதுவெளியில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆகவே ‘அழிக்காதே’ என்று எழுதிவைப்பதை நான் பாதுகாப்பாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும். படங்கள் இருக்கும் டிஸ்க்கை ஏஜென்ட் படிக்கலாம், எழுத முடியாது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் அது பட்டியலைத் தரும், நான் ஒப்புக்கொண்ட பிறகு வேறொரு கணக்கிலிருந்து அது ஓடும். ஏஜென்ட்டின் கணக்குக்கு ரூட் எனும் முழு அதிகாரம் கிடையாது. பேக்கப் டிஸ்க் வேலை முடிந்ததும் கழற்றப்பட்டு பீரோவுக்குப் போய்விடும். அங்கே எந்த ஏஜென்ட்டும் வராது. இவ்வளவும் வைத்த பிறகு எதிரி நம்முடைய சலிப்புதான். ஒவ்வொரு கட்டளைக்கும் ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும்போது, பத்தாவது தடவை படிக்காமலே ‘சரி’ தட்டுகிறோம். பிறகு ‘இனிக் கேட்காதே’ என்ற பொத்தான் கண்ணில் படுகிறது. 777 அடித்த அதே விரல்தான் இதையும் தட்டுகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்று சர்வர் எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அவர் ஊருக்குப் போனால் வீட்டில் படம் கிடையாது. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் முந்தைய பேச்சை மறந்து புதிதாகத் தொடங்கும் ஜாதி என்பதால், எந்த டிஸ்க் எங்கே, எது எதற்காக வைத்தது, எதைத் தொடக்கூடாது என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிவைத்தே தீர வேண்டும். மனிதருக்காக யாரும் எழுதாத கையேடு, இயந்திரத்தின் மறதியால் எழுதப்பட்டுவிட்டது. என் தம்பி அதைப் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவாக நான் அவனுக்கு எதையும் சொன்னதில்லை என்றான்.

சினிமாவுக்கு டைட்டில் கார்டு உண்டு. வீட்டு வீடியோவுக்கு இல்லை. வி.ஹெச்.எஸ். கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றிக் கொடுத்தவை எங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. டிவிடி முறைப்படி ஒரு ஜிபிக்கு ஒரு துண்டாக ஃபைல்கள் வெட்டுப்பட்டிருக்கும். தாலி கட்டும் இடத்தில் ஒன்று முடிந்து, அட்சதை விழும்போது அடுத்தது தொடங்கும். ஏஜென்ட் அவற்றை ஒழுங்காக ஒட்டித் தந்தது. பெயர் வைப்பதில்தான் மாட்டிக்கொண்டது. ஓரத்தில் கேமரா பதித்த தேதியைப் படித்து, பாதி விசேஷங்களை 1990 ஜனவரி ஒன்றாம் தேதியில் அடுக்கிவிட்டது. கேமராவில் யார் தேதி வைத்தார்கள்? அம்மா பார்த்ததுமே, “அந்த வருஷம் இந்த வீடே கட்டலையேப்பா” என்றாள்.

இப்போது ஏஜென்ட் சந்தேகம் உள்ள காட்சிகளை ஸ்டில்லாக எடுத்து டெலிகிராமில் அனுப்புகிறது, அம்மா குரலில் பதில் சொல்கிறாள், குறிப்பு ஃபைலில் ஏறுகிறது. ‘கல்யாணம்’ என்று அது வைத்த ஒன்று சித்தியின் வளைகாப்பாக மாறியது. ஒரு கிரகப்பிரவேசம் மட்டும் தீரவில்லை. கோவில்பட்டி மாமா வீடு என்கிறாள் அம்மா, அவர் சம்பந்தி வீடு என்கிறாள் பெரியம்மா. ஏஜென்ட் இரண்டு பதிலையும் பதிந்துகொண்டு, எது சரி என்று மறுபடி இருவரிடமும் கேட்டிருக்கிறது. பெரியம்மாவுக்கு அதில் கோபம்.