காலியிடம் சான்றாகுமா?

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய பேரிடரிலும் பத்திரங்களும் சான்றிதழ்களும் அழியாதிருக்க, அவற்றை மின்வடிவாக்கி, இரு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வேற்றூரில் வைத்தல் நலம்.

ஆயினும், ஒரே கொள்ளளவுள்ள இரு தட்டுகளில் ஒரே கோப்புகளைப் பதிந்த பின்னரும் எஞ்சிய இடம் வேறுபட்டுத் தோன்றுவதுண்டு. காரணம் யாது? தட்டின் இடம் சம அளவுள்ள கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். கோப்பு சிறிதாயினும் பொதுவாக ஒரு கட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். தலா 2 கிலோபைட் அளவுள்ள 10,000 கோப்புகள், கட்டம் 4 கிலோபைட்டாயின் ஏறத்தாழ 40 மெகாபைட் இடத்தையும், 128 கிலோபைட்டாயின் ஏறத்தாழ 1,280 மெகாபைட் இடத்தையும் அடைக்கும். மறுசுழற்சித் தொட்டியில் தங்கிய கோப்புகளும் இவ்வேறுபாட்டைப் பெருக்கும்.

ஆகவே, காலியிடம் வேறுபடுவதால் படியில் குறையுண்டு எனக் கொள்ளலாகாது. ஒத்திருப்பதால் படி முழுமையானது எனவும் கொள்ளலாகாது. இரு தட்டுகளிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும், அவை அடைத்த இடத்தையன்றி அவற்றின் உண்மை அளவையும் ஒப்பிடுக. இன்றியமையாத கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க. மூலம் கையிலிருக்கும்போது காணும் குறையையே திருத்த இயலும்.