கூடிப் பாடும் குரல்கள் – 7: கவிதையை இழந்த பாட்டு

சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரல்கள் பிரியும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் குரல்களுக்காக ஒரு கவிதைக்கு இசையமைத்து, பிறகு கவிதையை மட்டும் பறிகொடுத்த ஒருவரின் கதை இது.

1999-ல் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டக்கரை டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பாடகி ஒருவர் தொடர்புகொண்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த அவருடைய பெற்றோர் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். அவர்கள் நினைவாக, தனக்கு மிகவும் பிடித்த கவிதையைச் சேர்ந்திசையாக்கித் தரும்படி கேட்டார். ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதிய கவிதை அது. பனி பெய்யும் காட்டோரம் ஒரு பயணி குதிரையை நிறுத்திச் சற்று நேரம் நிற்கிறான். அதன் கடைசி வரிகளை நேரு கைப்பட எழுதி மேசையில் வைத்திருந்தார்.

பதினாறு வரிகள், வரிக்கு எட்டு அசை. ஓர் அசை மெலிந்து அடுத்தது அழுந்தும். நம் யாப்பில் குறிலும் நெடிலும் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இந்த அழுத்தம் செய்கிறது. அது விழும் இடத்தில் தாளத்தின் பலமான தட்டு விழாவிட்டால், எவ்வளவு தெளிவாக உச்சரித்தாலும் சொல் சபைக்குப் போய்ச் சேராது. தனியாகப் பாடுபவர் சற்று இழுத்தோ குறுக்கியோ சமாளித்துவிடுவார். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது அதற்கு இடமில்லை. எங்கே மூச்சு வாங்குவது என்பதுவரை இசையமைப்பாளர் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். விட்டக்கர் குரல்களை எட்டாகப் பிரித்தார். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டார். முடிவில் உறக்கத்தைக் குறிக்கும் சொல்லையே திரும்பத் திரும்பப் பாடி, குரல்கள் தேய்ந்து அடங்கும்.

2000 அக்டோபரில் அரங்கேற்றமும் நடந்தது. ஆனால் அனுமதி வாங்கியிருக்கவில்லை. 2038 வரை அந்தக் கவிதையைப் பதிப்பிக்கவோ மேடையேற்றவோ கூடாது என்று உரிமையாளர்கள் கண்டிப்பாக மறுத்துவிட்டார்கள்.

விட்டக்கர் இசையைத் தூக்கி எறியவில்லை. நண்பரான கவிஞர் சார்லஸ் ஆந்தனி சில்வெஸ்ட்ரியிடம், அதே எட்டு அசைக்கும் அதே இயைபு அமைப்புக்கும் புதுக் கவிதை கேட்டார். மெட்டுக்குப் பாட்டெழுதுவது நம் திரைக்கவிஞர்களுக்கு அன்றாட வேலைதான். ஆனால் இந்த மெட்டின் ஒவ்வொரு வளைவும் இன்னொரு கவிதைக்காக வளைந்தது. அதில் இயல்பாக உட்காரும் சொற்களைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியம்.

ஃப்ராஸ்டின் பயணி உறங்குவதில்லை. போக வேண்டிய தொலைவு அவனைக் கிளப்பிவிடுகிறது. சில்வெஸ்ட்ரியின் கவிதையில் வருபவரோ படுக்கையில் உறக்கத்தோடு மல்லாடி, கடைசியில் அதற்கே தம்மை ஒப்புக்கொடுக்கிறார். அடங்கித் தேயும் அந்த முடிவு இவருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது என்பேன். தாயையும் தந்தையையும் இழந்த ஒரு மகளுக்காக இசையமைத்தவரின் காதில், பயணத்தைவிட உறக்கம்தான் உரக்க விழுந்திருக்கிறது. இசை முதலிலிருந்தே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

2011-ல் 58 நாடுகளைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டிலிருந்து பதிவுசெய்து அனுப்ப, இணையத்தில் ஒரே சேர்ந்திசையாக ஒலித்தது சில்வெஸ்ட்ரியின் கவிதைதான். ஃப்ராஸ்டின் கவிதை வெளியானது 1923-ல் என்பதால், அமெரிக்கச் சட்டப்படி 2019 ஜனவரியிலேயே அது பொதுவுடைமையாகிவிட்டது. ஆனால் தமக்கு இப்போது சில்வெஸ்ட்ரியின் வரிகளே கூடுதலாகப் பிடித்திருக்கின்றன என்று விட்டக்கர் அதற்கு முன்பே எழுதிவிட்டார்.

அடுத்த வாரம்: எம்.பி. சீனிவாசன் பாரதியைச் சேர்ந்திசைக்குக் கொண்டுவந்த கதை.