ஒரே பையன், இரண்டு பெயர்! பிரிட்டிஷ் யூதர்களின் பெயர் ரகசியம் தெரியுமா?

லண்டன் யூதக் குடும்பங்கள் பலவற்றில் ஆண் குழந்தை பிறந்தால் ஏழு நாள் வரை பெயரைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள், தெரியுமா? எட்டாம் நாள், விருத்தசேதனம் முடிந்த கையோடுதான் எபிரேயப் பெயரை உரக்கச் சொல்வார்கள். அதுவும் 'இன்னாருடைய மகன் இன்னார்' என்று! ஜெப ஆலயத்தில் தோரா என்னும் வேத நூலை வாசிக்க அழைப்பது அந்தப் பெயரால்தான். திருமண ஒப்பந்தத்திலும் அதுதான், கல்லறையிலும் அதுதான். அரசாங்கப் பதிவேட்டுக்கு ஆங்கிலப் பெயர் தனி. அதைப் பதிய இங்கிலாந்தில் 42 நாள் அவகாசம் உண்டு. தலைமை ரபியாக இருந்த ஜோனதன் சாக்ஸுக்கே எபிரேயப் பெயர் வேறு: யாக்கோவ் ட்ஸ்வி!

இரண்டையும் எப்படி ஜோடி சேர்ப்பார்கள்? சுலபமான வழி, முதலெழுத்து ஒத்துப்போவது. மோசே தாத்தாவின் பேரன் மாரிஸ் ஆவான். அசத்தல் வழி இன்னொன்று. வேதத்தில், சாகும் தறுவாயில் பிள்ளைகளை ஆசீர்வதித்த மூதாதை யாக்கோபு, யூதாவைச் சிங்கக்குட்டி என்றார், நப்தலியை மான் என்றார். அவ்வளவுதான்! வீட்டில் யூதா, பள்ளிக்கூடத்தில் சிங்கத்தைக் குறிக்கும் லியோ அல்லது லயனல். நப்தலி? ஹார்ட், அதாவது ஆண்மான்!

யார் பெயரை வைப்பது என்பதில் யூதர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசிகள் உயிரோடிருப்பவர் பெயரைத் தொடவே மாட்டார்கள். ஸ்பெயின், போர்ச்சுக்கல் வழிவந்த செபார்டிகளோ தாத்தா கண்ணெதிரே இருக்கும்போதே பேரனுக்குச் சூட்டிவிடுவார்கள். பின்னாளில் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி 1804-ல் பிறந்தபோது தாத்தா பெஞ்சமினும் இருந்தார். தாத்தா 1816-ல் போனார். மறு ஆண்டே பேரனுக்கு ஞானஸ்நானம்! மதம் போனது, தாத்தா பெயர் நின்றது.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களிடம் ஒரு தந்திரமும் உண்டு. நோஞ்சான் குழந்தையை 'ஆல்டர்', அதாவது கிழவன் என்று அழைப்பார்கள். எமன் குழந்தையைத் தேடி வந்தால் ஏமாந்து போகட்டுமே! குப்புசாமி, பிச்சை என்று பெயர் வைத்த நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா யூதர் என்றால் என்ன பெயர்? டேவிட் என்பீர்கள். தாவீது ராஜா யூதர்களுடையவர், ஸ்காட்லாந்தில் இரண்டு டேவிட் மன்னர்கள், சரிதான். என்னைக் கேட்டால் அலெக்சாண்டர்! கிரேக்கப் பெயராயிற்றே என்கிறீர்களா? எருசலேம் ஆலயத்தில் தனக்குச் சிலை வைக்கச் சொன்ன மாவீரன் அலெக்சாண்டரிடம், 'சிலை வேண்டாம், இந்த ஆண்டு பிறக்கும் ஆசாரியர் வீட்டுப் பையன்களுக்கெல்லாம் உங்கள் பெயரை வைக்கிறோம்' என்று பிரதான ஆசாரியர் சமாளித்ததாக யூதக் கதை. ஸ்காட்லாந்திலும் மூன்று அலெக்சாண்டர் மன்னர்கள்!

இன்னொரு வேடிக்கை. 1290-ல் துரத்தப்பட்ட யூதர்கள் 1656-ல்தான் மீண்டும் இங்கிலாந்தில் வெளிப்படையாக வாழ முடிந்தது. ஐசக் நியூட்டன் பிறந்ததோ 1642-ல்! யூத மூதாதை ஈசாக்கின் பெயர் அவர்களுக்கு முன்பே திரும்பிவிட்டது. 2021-லும் 2022-லும் இங்கிலாந்து, வேல்ஸில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயரும் எபிரேய வேதத்திலிருந்து வந்ததுதான்: நோவா!

மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் பாடத்தில் படித்தோமே, அந்த எட்வின் மாண்டேகுவும் யூதர். அவருடைய அப்பா பிறந்தபோது மாண்டேகு சாமுவேல். பிறகு அதையே திருப்பிப் போட்டு சாமுவேல் மாண்டேகு ஆனார்! அப்பாவின் அண்ணன் மட்டும் சாமுவேலாகவே இருந்துவிட்டார். அந்தப் பெரியப்பாவின் மகன் ஹெர்பர்ட் சாமுவேல்தான் 1920-ல் பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் உயர் ஆணையர். அப்போது இந்தியா மந்திரி, தம்பி மாண்டேகு!