பளபளப்பு அசிட்டில் இல்லை

மோட்டார் சைக்கிளின் அலுமினியப் பாகங்களை வீட்டு முற்றத்தில் அனோடைஸ் செய்யும் (அசிட் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி ஒட்சைட் படலம் ஏற்றும்) பொடியன்மாரிடம் நான் ஓயாமல் காணும் பிழை ஒன்றுண்டு. சாமான் மங்கலாக வந்தால், உடனே அசிட்டைக் கூட்டுகிறார்கள்.

அசிட் பளபளப்பைத் தராது. அனோடைஸ் படலம் ஒளி புகக்கூடியது. அடியிலுள்ள உலோகம் எப்படியோ அப்படியே தெரியும். 400 இலிருந்து 2000 வரை அரத்தாளால் ஈரமாகத் தேய்த்து, பஃப் பிடித்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவுவதிலேயே முக்கால் வேலை முடிகிறது. பிறகு காஸ்டிக் சோடாவில் ஊறவிட்டால் அந்த மெருகும் போய்விடும். எஞ்சின் மூடி போன்ற வார்ப்புச் சாமான்களில் சிலிக்கன் அதிகம். என்ன செய்தாலும் சாம்பல் நிறம்தான்.

கந்தக அமிலக் கரைசல் 15 சதவீதமளவில், 20 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். மட்டக்களப்பு வெக்கையில் ஐஸ் வைக்காமல் செய்தால் படலம் மாவாக உதிரும். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. அதிலுள்ள குளோரைட் உலோகத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கரைசலுக்கும், கடைசியில் கொதிநீரில் படலத்தை அடைப்பதற்கும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

தொழிற்சாலைகள் பொஸ்பரிக், நைத்திரிக் அமிலக் கலவையில் முக்கிப் பளபளப்பாக்குவதுண்டு. வீட்டில் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து எழும் கபில நிறப் புகை சுவாசப்பையைத் தாக்கும். மூச்சுத்திணறல் சில மணிநேரம் கழித்தே தெரியவரலாம். கரைசல் கலக்கும்போது தண்ணீருக்குள் அசிட்டை ஊற்றுங்கள்; அசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றாதீர்கள். அனோடைஸ் தொட்டியிலிருந்து ஐதரசன் வரும். பக்கத்தில் நெருப்பு, சிகரட் கூடாது. அசிட் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சோடாப் போத்தலில் அசிட் வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழைய கரைசலை வாவியிலோ வடிகானிலோ ஊற்றாதீர்கள். மணலிலும் ஊற்றாதீர்கள், அது அயல்வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகும். கூலிக்குச் செய்யத் தொடங்குவதென்றால், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்று பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். அயலவர் ஊற்றினால் முறைப்பாட்டையும் அங்கேயே கொடுக்கலாம். வாயால் சொன்னதை எந்தக் கந்தோரும் நினைவில் வைத்திராது. இடம், திகதி, படங்களுடன் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அசிட்டை லேபிளில்லாமல் விற்ற கடை, சாமானைக் கெடுத்த பட்டறை எதுவானாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில், முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும்; பற்றுச்சீட்டும் வேண்டும். கேட்டால் கடைக்காரர் அதைத் தந்தே ஆகவேண்டும், கேளுங்கள்.