மோட்டார் சைக்கிளுக்கு ஜி.பி.எஸ். கருவி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

விவசாயியின் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடங்களை எண்ணிப் பார்த்தால், திருடனுக்கு வசதியான இடங்கள்தாம் அதிகம் என்பது விளங்கும். விடியற்காலையில் பால் சொசைட்டி வாசல். அதன்பின் வாய்க்கால் கரையில் ஏதாவதொரு வேப்பமர நிழல். சந்தை நாளில் நூறு வண்டிகளுக்கு நடுவே ஒரு வண்டி. மடை திருப்பப் போனவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகலாம். கரும்பு ஆளுயரம் வளர்ந்துவிட்டால் கரையில் நிற்கும் வண்டி வயலுக்குள் இருப்பவர் கண்ணுக்கே தெரியாது. சாவியையும் பலர் வண்டியிலேயே விட்டுச் செல்கின்றனர். சேற்றில் விழுந்து தொலைந்துவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம்.

வண்டி போனால் வண்டியின் விலையோடு நஷ்டம் நிற்பதில்லை. பால் உரிய நேரத்தில் போய்ச் சேராது. உரமூட்டைக்கும் தீவன மூட்டைக்கும் வாடகை வண்டி பிடிக்க வேண்டும். தவணைக்கு வாங்கிய வண்டியாக இருந்தால், வண்டி இல்லாமலேயே மாதத் தவணையைக் கட்டி வர வேண்டும். இந்த அச்சத்தினால் ஜி.பி.எஸ். கருவி பொருத்தும் வழக்கம் கிராமங்களிலும் பரவி வருகிறது. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் அளவில் பலவகைக் கருவிகள் கடைகளுக்கு வந்துள்ளன. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி விதை வாங்கக் கூடாது என்பதை அறிந்த விவசாயிகள், இதிலும் அதே எச்சரிக்கையைக் கைக்கொள்ளுதல் நல்லது.

முதலில் பூட்டு, பிறகு கருவி

ஜி.பி.எஸ். கருவி திருட்டைத் தடுப்பதில்லை. திருட்டுப் போன பிறகு வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்வதே அதன் வேலை. ஆகவே தடுப்புக்கு வேண்டியதை முதலில் செய்ய வேண்டும். ஹேண்டில் பூட்டு இருந்தும் அதைப் போடாதவர்களே அதிகம். சக்கரத்தை மரத்தோடோ, மோட்டார் ரூம் கம்பியோடோ சேர்த்துப் பூட்டும் கனத்த சங்கிலி சில நூறு ரூபாயில் கிடைக்கும். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு டிஸ்க் பூட்டு உண்டு. பழைய மொபெட்டுகளில் சாவித்துளை தேய்ந்து, எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்பும் நிலையில் இருக்கும். அவ்வாறிருந்தால் பூட்டு செட்டை மாற்றுவதே முதல் செலவாக இருக்க வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்பில் பொருளாதாரச் சேத நிலை என்று ஒரு கணக்கு உண்டு. பூச்சியால் வரக்கூடிய நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டும்போதுதான் மருந்தடிக்க வேண்டும். அந்தக் கணக்கு இங்கும் பொருந்தும். எட்டாயிரம் ரூபாய் பெறும் பழைய மொபெட்டுக்கு மூவாயிரம் ரூபாய்க் கருவியும் ஆண்டுச் சந்தாவும் தேவையில்லை; சங்கிலியே போதும். லட்சம் ரூபாய் கொடுத்து, அதிலும் கடனில் வாங்கிய வண்டிக்குக் கருவி பொருத்துவதில் பொருள் உண்டு.

கருவி வேலை செய்யும் விதம்

வானத்திலிருந்து செயற்கைக்கோள் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. செயற்கைக்கோள்கள் சிக்னலை அனுப்புவதோடு சரி. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னலை வாங்கி, தான் இருக்கும் இடத்தைக் கருவியே கணக்கிட்டுக்கொள்கிறது. அதை உரிமையாளரின் செல்போனுக்குத் தெரிவிப்பதற்குக் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறது. வண்டி இருக்கும் இடத்தில் செல்போன் டவர் எட்டவில்லையென்றால் கருவி இருந்தும் பயனில்லை. அதேபோல், வண்டியை மூடிய லாரிக்குள் ஏற்றிவிட்டாலோ, தகரக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டாலோ வானத்துச் சிக்னல் கிடைக்காது. அப்போது கடைசியாகப் பதிவான இடத்தையோ, அருகிலுள்ள டவரை வைத்து உத்தேசமான பகுதியையோ மட்டுமே காட்டும்.

ஆகவே வாங்குமுன் தன் ஊரில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக எட்டுகிறது என்பதை அறிய வேண்டும். வீட்டு வாசலில் பார்த்தால் போதாது. கிணற்றடி, வாய்க்கால் கரை, சொசைட்டி என வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டும். மலை ஒட்டிய வயல்களில் ஒரு கரையில் கிடைக்கும் சிக்னல் அடுத்த கரையில் கிடைப்பதில்லை. கருவி 2ஜி வகையா, 4ஜி வகையா என்றும் கேட்க வேண்டும். 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. அந்த நிறுவனத்திற்கு 2ஜி இணைப்பே கிடையாது. விலை மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பல 2ஜி வகையைச் சேர்ந்தவை. பல ஆண்டு உழைக்க வேண்டிய பொருள் என்பதால் 4ஜி கருவியையே வாங்குவது நல்லது.

விதைக்குமுன் முளைப்புத்திறன் பார்ப்பதுபோல், ஒயரை வெட்டிப் பொருத்துமுன் கருவியைச் சோதித்துப் பார்க்கலாம். கடைக்காரர் இசைந்தால் பேட்டரியில் தற்காலிகமாக இணைத்து இரண்டு நாள் வழக்கம்போல் ஓட்டி, எங்கெங்கே பதிவாகிறது, எங்கே விட்டுப்போகிறது என்று செல்போனில் பார்க்க வேண்டும். இதற்கு இசையாத கடையில் வாங்காமலிருப்பதே மேல்.

பேட்டரியைக் குடிக்கும் கருவிகள்

விற்பவர்கள் அதிகம் பேசாத விஷயம் இது. கருவி இரவும் பகலும் வண்டியின் பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். வண்டி தினமும் ஓடினால் பேட்டரி மீண்டும் சார்ஜ் ஏறிவிடும், தொல்லையில்லை. ஆனால் அடைமழைக் காலத்திலும், வீட்டில் விசேஷம் என்று வெளியூர் போகும்போதும் வண்டி பத்து நாள் சும்மா நிற்கும்.

நான்கு ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது 5 மில்லி ஆம்பியர் எடுக்கும் கருவி ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி செலவழிக்கும். பேட்டரி முழுவதும் காலியாக 33 நாள் ஆகும். 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் கருவியானால் நாளொன்றுக்கு 480. எட்டே நாளில் காலி. 40 மில்லி ஆம்பியர் என்றால் நான்கு நாள்தான். பாதிச் சார்ஜ் குறைந்ததுமே செல்ஃப் ஸ்டார்ட் தடுமாறத் தொடங்கும் என்பதால் இந்த நாள்களையும் பாதியாகக் கொள்வதே பத்திரம். அடிக்கடி முழுவதும் இறங்கும் பேட்டரி சீக்கிரம் கெட்டும் போகும். திருட்டுக்குப் பயந்து வாங்கிய கருவியினால் புதுப் பேட்டரிச் செலவு வந்து சேர்ந்தால், அது பூச்சிக்கு அடித்த மருந்தால் பயிர் கருகிய கதையாகிவிடும்.

எனவே “வண்டி நிற்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும்?” என்று கேட்டு, அச்சிட்ட தாளில் காட்டச் சொல்ல வேண்டும். வண்டி நின்றவுடன் தானே உறங்கி, அசைந்தால் விழித்துக்கொள்ளும் கருவியே இருசக்கர வாகனத்திற்கு ஏற்றது. கார், லாரிக்கென்று செய்த கருவிகளைச் சிலர் மோட்டார் சைக்கிளிலும் பொருத்திக் கொடுக்கின்றனர். அவற்றின் பேட்டரி பெரியது; அங்கே தெரியாத செலவு இங்கே தெரியும். பொருத்திய பின் மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலைதான்.

கருவிக்குள்ளேயே ஒரு சிறு பேட்டரி இருத்தல் அவசியம். விவரம் தெரிந்த திருடன் முதலில் கழற்றுவது வண்டியின் பேட்டரி ஒயரைத்தான். உட்பேட்டரி உள்ள கருவி, ஒயர் அறுந்ததும் எச்சரிக்கை அனுப்பி, தொடர்ந்து சில மணி நேரம் இடத்தையும் காட்டும். அந்த எச்சரிக்கை எவ்வாறு வருகிறது என்பதும் முக்கியம். செயலியில் சத்தமின்றி வந்து விழும் செய்தியை விடியும்வரை யாரும் பார்ப்பதில்லை. அழைப்பு மணி அடிக்கும் வகை சிறந்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் மகன் அல்லது மருமகனின் செல்போனையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பொருத்துதல்

சீட்டைத் தூக்கியதும் கண்ணில் படும் இடத்தில் கருவியைப் பொருத்துவது வீண். பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடிக்கு உட்புறம், முன் விளக்குக் கூட்டின் உள்ளே என்று இரும்புத் தகடு மறைக்காத இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரும்புக்கு அடியில் வைத்தால் சிக்னல் குறையும். ஒயரில் சிறு ஃப்யூஸ் ஒன்று இருக்க வேண்டும். சேற்றிலும் மழையிலும் உழல்கிற, வாட்டர் சர்வீஸ் செய்யப்படுகிற வண்டிக்கு ஐ.பி. 67 என்று குறித்த கருவி தேவை. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். தானியம் சேமிக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்துபவர்கள் எலியையும் நினைவில் கொள்ள வேண்டும். தொங்கும் புது ஒயரை அது விட்டுவைப்பதில்லை. புது வண்டியில் ஒயரை வெட்டி இணைத்தால் மின்பாகங்களுக்கான வாரண்டியை நிறுவனம் மறுக்கக்கூடும். வண்டி வாங்கிய இடத்தில் கேட்டுக்கொண்டு செய்வது நன்று.

செல்போனிலிருந்தே எஞ்சினை நிறுத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. இது கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுரோட்டில் திடீரென நின்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. கருவி பழுதானால் ஓட்டுபவர் சொந்தக்காரராகவே இருக்கக்கூடும். நின்ற வண்டி மீண்டும் கிளம்பாமல் தடுக்கும் அளவில் அமைந்த வகையானால் மட்டும் ஏற்கலாம். மெக்கானிக்கிடம் சொல்லி மறைவான இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டாலே இந்தப் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

நாணயம் போன்ற சிறு புளூடூத் வில்லைகளும் விற்பனையில் உள்ளன. 2021-ல் வந்த ஏர்டேக் இவ்வகையைச் சேர்ந்தது. அது ஐபோனுக்கு மட்டும் பயன்படும். ஆண்ட்ராய்டு போன்களுக்குத் தனி வில்லைகள் உண்டு. இவற்றுக்குச் சிம் வேண்டாம், சந்தா வேண்டாம், ஒயரும் வேண்டாம். சிறு பேட்டரி ஏறக்குறைய ஓராண்டு வரும். அருகில் செல்வோரின் செல்போன் வழியாகவே இவை இடத்தைத் தெரிவிக்கின்றன. கடைத்தெருவில் நன்கு வேலை செய்யும். ஆளரவமற்ற சவுக்குத் தோப்பில் வண்டியைத் தள்ளிவிட்டால் மௌனமாகிவிடும். மேலும், அறியாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் செல்போனுக்கே எச்சரிக்கை போகும். பிறரைப் பின்தொடர்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே ஜி.பி.எஸ். கருவிக்குத் துணையாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

சந்தா பற்றிய கேள்விகள்

முதல் ஆண்டு இலவசம் என்று விற்கப்படும் கருவிக்கு இரண்டாம் ஆண்டு முதல் எவ்வளவு? சிம் யார் பெயரில் இருக்கிறது? ரீசார்ஜ் யார் செய்வது? நிறுவனம் மூடப்பட்டால் கருவி வேறு செயலியில் இயங்குமா? இவற்றுக்குப் பதிலை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்த கருவி எவ்விதச் சத்தமும் இன்றி நின்றுவிடும். திருட்டுப் போன அன்றுதான் அது தெரியவரும். மாதம் ஒருமுறை, மின் கட்டண அட்டையைப் பார்ப்பதுபோல், செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டி காணாமல் போனால்

செல்போனில் இடம் தெரிகிறது என்று தனியே புறப்பட்டுப் போவது கூடாது. அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைக் கருவி காட்டாது. 112 அல்லது 100-க்குத் தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, இடத்தை அவர்களிடம் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிவிட வேண்டும். டிராக்டர் திருட்டு ஒன்றின் வழக்கில், உடனே போலீசில் புகார் கொடுத்திருக்கும்போது நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்பதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எனினும் அதை நம்பித் தாமதிக்க வேண்டியதில்லை.

இன்சூரன்சில் பலர் ஏமாந்து போகும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டுக் காப்பீடு கட்டாயமாயிற்று. அந்த ஐந்தாண்டு என்பது விபத்தில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமே. திருட்டுக்குப் பணம் தருவது சொந்தச் சேதத்துக்கான பகுதி. அது பெரும்பாலும் ஓராண்டுக்கே இருக்கும். தாளில் ஐந்தாண்டு என்று பார்த்துவிட்டு இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காதவர் வண்டி திருடுபோனால் ஒரு ரூபாயும் பெற முடியாது. போலீசுக்கு வழக்கு வராத வகையில் தாள் சரியாக இருப்பதால் இது கண்ணில் படுவதும் இல்லை. கருவிக்குப் பணம் எடுத்து வைக்குமுன் பாலிசித் தாளை எடுத்து, சொந்தச் சேதப் பகுதி எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்த்துவிட வேண்டும். கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் புதுப்பித்தலே முதலில்.

இழப்பீடு கேட்கும்போது நிறுவனங்கள் பொதுவாக இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒரு சாவி வண்டியோடு போயிருந்தால் கவனக்குறைவு என்று வாதிடவும் கூடும். சேற்றில் விழுந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் சாவியை அரைஞாண் கயிற்றிலோ, கழுத்துக் கயிற்றிலோ முடிந்துகொள்ளலாம். இரண்டாவது சாவியைப் பாலிசி, ஆர்.சி. இவற்றின் நகலோடு வீட்டுப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அசல் தாள்களை வண்டியின் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது.