எண் பெரிது, கார் சிறிது!

எண் பெரிதாக இருந்தால் காரும் பெரிதாக இருக்கும் என நம்பி, இணையத்தில் 1:64 மாதிரிக் கார் ஒன்றை வாங்கினேன். விரல் நீளத்தில் வந்து சேர்ந்தது!

கணக்கு தலைகீழ். 1:18 என்றால் அசல் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. பழைய மினி கார் ஏறக்குறைய 305 சென்டிமீட்டர். 1:18இல் அது 17 சென்டிமீட்டர், 1:43இல் 7, 1:64இல் ஐந்துகூட இல்லை.

அதென்ன 43? பிரிட்டனின் பொம்மை ரயில்கள் தந்த எண். ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்கினார்கள். ரயிலுக்குப் பொருத்தமாகக் கார்களும் வந்தன.

நம் பினாங்கிலும் தயாரான ஹாட் வீல்ஸை 1:64 என்பார்கள். முழுதும் நம்பாதீர்கள். எல்லா வண்டியும் ஒரே அளவு அட்டையில் அடங்க வேண்டுமே! தோமிக்காவும் அப்படித்தான், ஆனால் அடிப்பாகத்தில் அளவைப் பொறித்திருப்பார்கள். பணம் கொடுக்குமுன் திருப்பிப் பாருங்கள்.

என் அலமாரியில் காரும் பள்ளிப் பேருந்தும் ஒரே நீளம்.